இறந்தவர் பெயரில் திறந்திருந்த கடை

மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த சில நாட்களிலேயே உங்களைத் தேடி ஒருவர் வருவார். மருந்துக்கடை வைத்திருப்பவராக இருப்பார், அல்லது வைத்திருப்பவருக்குத் தெரிந்தவராக இருப்பார். உங்கள் அப்பாவிடம்தான் முதலில் பேசுவார். பிள்ளை வேலைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கலாம், மேலே படிக்கலாம். சான்றிதழை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம், மாதாமாதம் பணம் வந்துவிடும் என்பார். அப்பாவுக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரியும். பயிற்சிக் காலம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் நின்ற உங்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வேலைக்கு வருவதற்கு முன் சிறிது காலம் ஒரு நாளிதழுக்குத் திருவண்ணாமலையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பார்த்ததையும் கேட்டதையும் கலக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக உட்கார்ந்தேன். அங்கே என்னோடு இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள்.

தேவிகா அடி அண்ணாமலைப் பெண். வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை ஓரம் தண்ணீர் பாட்டிலும் மோரும் விற்பார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு, பதிவுக்கு வேண்டிய பயிற்சிக்காக எங்கள் கடைக்கு வந்தாள். சம்பளம் கிடையாது. "கத்துக்குடுக்கறமே, நியாயமா பாத்தா அவதான் நமக்குக் குடுக்கணும்," என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்வார். சில கடைகளில் உண்மையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். வேறு சில கடைகளில் வராத பிள்ளைகளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். உங்களுக்கு இது புதிதல்ல.

பிரபுவுக்குச் செங்கம் பக்கத்து கிராமம். ரஷ்ய மொழி பேசும் ஒரு நாட்டில் பார்மசி பட்டம் படித்து வந்தவன். அந்தப் பட்டம் இங்கே செல்லும் என்று பார்மசி கவுன்சில் சொன்னால்தான் அவனுக்குப் பதிவு கிடைக்கும். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான். காத்திருக்கும் காலத்திலும் அவனுக்குச் சம்பளம் இருந்தது. ஆசிரமப் பகுதியில் அறை எடுத்துத் தங்கும் ரஷ்யர்கள் அவனைத் தேடி வந்து, தங்கள் மொழியில் வயிற்றுக் கோளாறு முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளிக்கு அதில் வியாபாரம் இருந்தது. அவருடைய கணக்கில் பிரபு வெறும் சேல்ஸ்மேன்.

ஆக, ஒருத்திக்குப் பதிவு வரப்போகிறது, சம்பளம் இல்லை. ஒருவனுக்குச் சம்பளம் வருகிறது, பதிவு இல்லை. அதை வைத்தே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள்.

"இன்னாண்ணா, அஞ்சு வருஷம் ஐஸ்ல நின்னு படிச்சிட்டு வந்து இருமல் மருந்து விக்கறீங்க?"

"விக்கறேன், சம்பளத்துக்கு. நீ அதையே ஓசில விக்கற."

முதலாளிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையை ஒட்டி, இன்னொரு கடை இருந்தது. பிரபுவை மேனேஜர் என்று சொல்லி அங்கே அனுப்பினார். அந்தக் கடைச் சுவரில் தொங்கிய சான்றிதழ் வெளியூர்க்காரர் ஒருவருடையது. வயதானவர். கடைப் பக்கம் அவர் வந்ததே இல்லை. ஆடி மாதம் அவர் இறந்துபோனார். வீட்டார் சொல்லவில்லை, சொன்னால் மாதப் பணம் நின்றுவிடும். முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கடை இறந்தவரின் பெயரில் மருந்து விற்றிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தேவிகாவுக்குப் பதிவு வந்தது.

முதலாளி நேராக அவள் அப்பாவைப் போய்ப் பார்த்தார். அவருக்குச் சம்மதம். தேவிகா என்னிடம் வந்து, "நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்றாள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றி அவளிடம் சொன்னேன். அரசு மருத்துவமனையில் எனக்கு மூத்தவர். அளவில் சந்தேகம் வந்தால் டாக்டரின் அறை வரைக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். டாக்டர் எரிந்து விழுந்தாலும் திரும்ப நடந்து போவார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றபின், மகளின் கல்யாணச் செலவுக்காகச் சான்றிதழை ஒரு கடைக்குக் கொடுத்தார். அந்தக் கடையில் கொடுத்த மருந்தால் ஒருவருக்குப் பாதிப்பு வந்து வழக்கானது. கூண்டில் நின்றவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் மருந்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "உங்க கடைக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. நான் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடம் தவறு செய்யாத ஒரு மனிதர், கிழக்கா மேற்கா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வேணாம்னு சொல்றீங்களா சார்?"

"நீ இருக்கற கடையில உன் பேரு இருக்கட்டும்னு சொல்றேன்."

அவள் மறுத்திருப்பாள். ஆனால் அடுத்து அவளைப் பார்க்க வந்தது பிரபு.

"நீ குடுக்கலன்னா கடைய மூடிடுவாரு. எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? கவுன்சில்ல இருந்து பதில் வர்ற வரைக்கும்தான் கேக்கறேன்."

"யோசிக்கறேண்ணா."

"கவுண்டர்ல நான்தான நிக்கப்போறேன்? தப்பா குடுத்துடுவேன்னு பயமா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்குண்ணா. இல்லன்னா அப்பவே முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

இதுதான் உங்களுக்கும் நடக்கும். கெட்டவர்கள் வந்து கேட்டால் மறுப்பது சுலபம். வேலை தெரிந்த, நல்ல, கஷ்டத்தில் இருக்கிற ஒருவர் வந்து கேட்பார்.

அவள் இழுத்தடித்தாள். இன்று, நாளை என்று ஐப்பசிப் பௌர்ணமி வரை வந்துவிட்டது. அன்று மதியம் முதலாளி அவளை அழைத்து, "கும்பல் ஜாஸ்தியா இருக்கும்மா. போய் பிரபுவுக்கு ஒத்தாசையா இரு. சர்டிபிகேட்டயும் எடுத்துட்டுப் போ, மத்தத சாயந்திரம் பேசிக்கலாம்," என்றார். அவள் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மாட்டுவதற்குச் சம்மதித்துப் போனாளா என்று பின்னால் கேட்டேன். தனக்கே தெரியவில்லை என்றாள்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டரின் வண்டி ஊருக்குள் நுழைந்தால் முதல் கடைக்காரர் இரண்டாம் கடைக்குப் போன் போடுவார். கால் மணி நேரத்தில் சாலை முழுக்க ஷட்டர் இறங்கிவிடும். கேட்டால் சாப்பாட்டு நேரம். சுவரில் இருப்பவரும் கவுண்டரில் நிற்பவரும் வேறு வேறாக இருக்கும் கடைகள்தான் இறக்கும். எத்தனை ஷட்டர் இறங்குகிறது என்று பார்த்தாலே ஊரின் நிலவரம் தெரிந்துவிடும்.

அன்று நான்கு மணி வாக்கில் போன் வந்தது. பௌர்ணமி நாளில் சோதனை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. கூட்டத்தில் வண்டி போகாததால் இறங்கிக் கிரிவலப் பாதையில் நடந்தே வருகிறாராம். முதலாளி என் பக்கத்தில் நின்றுகொண்டு பிரபுவிடம் போனில் கத்தினார்.

"அந்தப் பொண்ணோடத மாட்டு! பேரு மாத்த அப்ளிகேஷன் போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம். இன்னா, யோசிக்குதா? மாட்டறதுன்னா மாட்டு, இல்லன்னா ஷட்டர எறக்கு. நடுவுல நிக்காத!"

பிரபு ஷட்டரை இறக்கினான். உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே கூட்டம் போகும் சத்தம். சில நிமிடங்களில் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். முதலில் கையால். பிறகு கல்லை எடுத்து.

"அண்ணா! தலுப்பு தெரவண்டி அண்ணா! ஊப்பிரி ஆடட்லேது!"

ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண். மோர் விற்ற பழக்கத்தில் தேவிகாவுக்குத் தெலுங்கு புரியும். "கதவத் தெறக்கச் சொல்றாங்கண்ணா. மூச்சு விட முடியலயாம்," என்றாள்.

"கேம்ப் இருக்கும், போவாங்க," என்றான் பிரபு. ஆனால் அவனும் எழுந்துவிட்டான்.

மருத்துவ முகாம் இருந்தது உண்மைதான். அந்தக் கூட்டத்தில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் எனக்குப் போன் செய்தாள். தட்டும் சத்தம் எனக்கும் கேட்டது.

"சார், இன்னா பண்றது? இன்ஸ்பெக்டர் பக்கத்துலயே இருக்காங்களாம். திறந்தா பிரபு அண்ணன் மாட்டிப்பாரு. அவரு கவுன்சில் அப்ளிகேஷன் போயிடும் சார்."

"ஆளப் பாத்தியா?"

"ஷட்டர் மூடியிருக்கு சார்."

"ஆளயே பாக்காம என்கிட்ட இன்னாம்மா கேக்கற?"

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரைப் பற்றியோ அவளுடைய பெயரைப் பற்றியோ முடிவு சொல்ல நான் அங்கே இல்லை. நம் வேலையில் முதல் காரியம் ஆளைப் பார்ப்பது. மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்க வேண்டும். பயம் வந்தால் அந்த வரிசை கலைந்துவிடும்.

தேவிகா ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தாள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் படியில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி இறங்கின. ஒரு சொல் சொல்லவே அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. மனைவியின் கையில் காலியான இன்ஹேலர். தேவிகா அதை வாங்கி மருந்தின் பெயரையும் அளவையும் படித்து, பிரபுவிடம் கேட்டாள். அவன் அதே மருந்தை எடுத்து நீட்டினான். அதுவரை அவன் உள்ளேதான் இருந்தான்.

மருந்து கிடைத்தும் பயனில்லை. பதற்றத்தில் அவர் அழுத்தும் நேரமும் மூச்சை இழுக்கும் நேரமும் சேரவில்லை. மருந்து எல்லாம் வாய்க்கு வெளியே புகையாகப் போனது. தேவிகா திரும்பிப் பார்த்தாள். பிரபு தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டி, அடியில் கத்தரியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். இன்ஹேலரை அந்த ஓட்டையில் செருகிக்கொண்டு ஷட்டருக்கு வெளியே வந்து, பாட்டிலின் வாயை அந்த மனிதரின் வாயில் வைத்தான்.

"மெதுவா இழுங்க. அவசரமே இல்ல. சொல்லு தேவிகா, தெலுங்குல சொல்லு."

"மெல்லகா, அண்ணா. மெல்லகா."

ஒரு முறை அழுத்தினான். மருந்துப் புகை பாட்டிலுக்குள் தங்கியது, அவர் தம் போக்கில் இழுத்துக்கொண்டார். சற்று விட்டு இன்னொரு முறை. நடந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நின்று பார்த்தார்கள். யாரோ முகாமுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த மனிதரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. அவர் முதலில் முழுதாகச் சொன்ன வாக்கியம், எவ்வளவு பணம் என்பதுதான். ஆம்புலன்ஸ் பைக் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்வரை இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே வந்து கூட்டத்தோடு நின்றிருக்கிறார். பைக் போன பிறகுதான் பேசினார்.

"பார்மசிஸ்ட் யாரு?"

பிரபு அந்தக் கூட்டத்தில் இரண்டடி எடுத்து வைத்திருந்தால் போதும், காணாமல் போயிருக்கலாம். நிற்கத்தான் செய்தான்.

"நான் ரிஜிஸ்டர் பண்ணவ மேடம். ஆனா இந்தக் கடைக்கு இல்ல," என்றாள் தேவிகா.

"இவரு?"

"பார்மசி படிச்சிருக்கேன், வெளிநாட்ல. இங்க இன்னும் ரிஜிஸ்டர் ஆகல மேடம்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். "இவரு எங்க?"

பிரபு சான்றிதழில் இருந்த போட்டோவைப் பார்த்தான்.

"லீவா?"

"இறந்துட்டாரு மேடம்," என்றான் பிரபு.

"எப்போ?"

"ஆடியில."

"அப்ப இத்தனை நாளா இந்தக் கடைல மருந்து குடுத்தது யாரு? போட்டோவா?"

அந்த மனிதர் பிழைத்ததற்காக இன்ஸ்பெக்டர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு அவர் மேல் மரியாதை குறைந்திருக்கும். கடையை மூடச் சொன்னார். தேவிகாவின் வாக்குமூலத்தில், அவசரத்தில் கொடுத்தது, ஆளைப் பார்த்துக் கொடுத்தது, காலி இன்ஹேலரைச் சரிபார்த்துக் கொடுத்தது என்று அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அவள் பதிவுக்கு எதுவும் ஆகவில்லை. அவள் சான்றிதழ் பையிலேயே இருந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. சுவரில் மாட்டியிருந்தால், பொய் சொல்லி மாட்டிய சான்றிதழின் கீழ் நின்று கொடுத்ததாக ஆகியிருக்கும்.

முதலாளி அன்று மாலை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு இன்ஹேலர் பம்புக்கு ஒரு கடையே போச்சு சார்."

"ஆளு போயிருப்பாரே சார்," என்றாள் தேவிகா.

"கேம்ப் இருக்குல்லம்மா!"

அவர் கெட்டவர் அல்ல. அந்த மனிதரை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடை முதலாளிகளுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இது மட்டுமே.

பிரபுவுக்கு வேலை போனது. கொஞ்ச நாள் ஒரு விடுதியில் ரஷ்யர்களுக்கு அறை காட்டிக்கொண்டிருந்தான். தேவிகாவோடு பேச்சு நின்றுபோனது. திறந்ததற்காக அவனுக்குக் கோபமில்லை. முன்பே மாட்டியிருந்தால் ஷட்டரை இறக்கவே வேண்டியிருந்திருக்காது என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாசியில் கவுன்சிலிலிருந்து அவனுக்குப் பதில் வந்தது. பயந்தபடி விண்ணப்பம் தள்ளுபடி ஆகவில்லை. பட்டத்தை ஒப்புக்கொள்கிறோம், இங்கே பதிவு பெற்ற ஒருவரின் கீழ் பயிற்சி எடுத்துவிட்டு வரவும். முதலாளியும் அதே சமயம் கிரிவலப் பாதைக் கடையை முறைப்படி திறக்க அலைந்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் கண் அந்தக் கடை மேல் இருந்ததால் யாரும் சான்றிதழ் தர முன்வரவில்லை. கடைசியில் தேவிகாவிடமே வந்தார். இந்த முறை ஆளே உட்கார வேண்டும், சம்பளத்தோடு. அவள் சரி என்றாள். பிரபு தன் கீழ் பயிற்சிக்கு வரலாம் என்றும் சொன்னாள்.

பிரபு வந்து முதலில் கேட்டது இது.

"ஆனியில இருந்து இதே கடையில நின்னிருக்கேன். அந்த மாசங்களையும் பயிற்சிக் கணக்குல சேத்துப் போட்டுக் குடு. பொய் இல்ல, வேலை செஞ்சேன்ல?"

"செஞ்சீங்க. அப்ப நான் இங்க இல்லண்ணா. இன்னிலருந்துதான் போடுவேன்."

"நீயே இப்படிச் சொல்றியா?"

"ஆமாண்ணா."

அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு முதலாளியின் முறை. நான் அங்கே இருந்தேன்.

"பயிற்சின்னா அவனுக்குச் சம்பளம் கிடையாது தெரியுமில்ல?"

"அவருக்குச் சம்பளம் குடுத்தாதான் நான் உக்காருவேன் சார்."

"ஏம்மா, ட்ரெய்னிங்குக்கு எவன் சம்பளம் குடுப்பான்? உனக்கு நான் குடுத்தனா?"

"குடுக்கல. அதான் சொல்றேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் கண்ணாடியைத் துடைத்தேன். முன்பு கொடுத்ததை விடக் கம்மியாக ஒரு தொகைக்கு அவர் இறங்கி வந்தார். அவளால் அதற்கு மேல் நகர்த்த முடியவில்லை. அவளுடைய சம்பளமும் ஒன்றும் பெரிதில்லை. இதைப் பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வராதீர்கள்.

பிரபு நான்கு நாள் கழித்து வந்தான். நன்றி என்று சொல்லவில்லை. இருவரும் பழையபடி கேலி பேசிக்கொள்வதில்லை. மருந்துச் சீட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடையின் உள்ளே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து, தேவிகாவைத் தாண்டிப் பிரபுவிடம் பழைய மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினார். ஆன்டிபயாடிக். சீட்டு இல்லை.

"பேரனுக்கு ஜுரம்ப்பா. இதுல ரெண்டு குடு."

"அவங்களக் கேளுங்க."

"அந்தப் பொண்ணயா? நீதான் பெரிய படிப்பு படிச்சவன்னு சொல்றாங்க?"

"படிச்சேன் பெரியவரே. குடுக்கறதா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும்."

தேவிகா பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை நாளாக ஜுரம் என்று கேட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னாள். எந்த நேரத்தில் டாக்டர் இருப்பார் என்றும் சொன்னாள். பெரியவர் பாதியிலேயே அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு மாத்திரைக்கு இவ்ளோ பேஜாரா," என்று முணுமுணுத்தபடி அடுத்த கடைக்குப் போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்துவிட்டது. மாத்திரையை எண்ணிக்கொண்டே அவர் திரும்பிப் போவதை மூன்று பேரும் பார்த்தோம். தேவிகா எழுந்து வாசல் வரை போய், "தாத்தா, ஜுரம் எறங்கலன்னா நாளைக்குக் கண்டிப்பா டாக்டர்கிட்டப் போங்க!" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பிரபு அடுத்தவரின் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, அவள் திரும்பி வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றான்.